வாவூட்டு யோகம்

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். அங்கே 'வாவு' என்றால் அமாவாசை, 'ஊட்டு' என்றால் சோறு போடுவது. நம் காதுக்கும் பழகிய சொற்கள்தானே!

1888, சிவராத்திரி இரவு. நெய்யாற்றில் மூழ்கி எடுத்த ஒரு கல்லை அந்தப் பகுதியிலுள்ள அருவிப்புறத்தில் சிவனாக நிறுவினார் துறவி நாராயண குரு. பெரிய கோயில்களுக்குள் கால்வைக்க முடியாதிருந்த ஈழவ மக்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்! அமாவாசையன்று முன்னோருக்குப் பிண்டம் வைக்க வந்தவர்கள் பசியோடு திரும்பக்கூடாது என்று ஊரார் கூடி அமைத்ததுதான் வாவூட்டு யோகம். பந்தி பரிமாறிய அந்தக் கூட்டம் வளர்ந்து, 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாகப் பதிவானது. தலைவர் குரு, செயலாளர் கவிஞர் குமாரன் ஆசான்.