நார்க்கழிவோடு விவரச் சீட்டும் வேண்டும்

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் நார் மில்களை ஒட்டித் தென்னை நார்க்கழிவு குன்று குன்றாகக் குவிந்து கிடந்த காலம் உண்டு. ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ 2 கிலோ தூள் உதிரும். சாலையோரம் கொட்டப்பட்ட இந்தத் தூளே இன்று 5 கிலோ கட்டிகளாக அழுத்தப்பட்டு வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. தன் எடையைப்போல் 5 மடங்குக்கும் மேல் நீரைப் பிடித்து வைக்கும் குணமே இதற்குக் காரணம்.

வெளிநாட்டு வியாபாரி வாங்கும்போது, உப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, கழுவியதா கழுவாததா என்று கேட்டு எழுதி வாங்கிக் கொள்கிறார். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 0.5 மில்லிமோஸுக்கு மேற்படாத சரக்குக்குத் தனி மதிப்பு. உள்ளூர் விவசாயிக்கோ பெரும்பாலும் லாரி லோடு என்ற ஒரே கணக்குத்தான். விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

இதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. மக்காத தூளில் கரிமச்சத்தும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. அதை அப்படியே நிலத்தில் இட்டால், தூளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக் கொள்ளும். பயிர் வெளுத்து நிற்கும். மட்டை உவர் நீரில் ஊறியதானால் உப்பும் கூடவே வந்து சேரும். ஒருவர் வயலில் இப்படிப் பயிர் கெட்டுவிட்டால், அந்த ஊரில் பிறகு யாரும் நார்க்கழிவைத் தொடமாட்டார்கள். மில்காரருக்கும் குப்பை குப்பையாகவே மிஞ்சும்.

எடையிலும் கவனம் வேண்டும். 10 டன் சரக்கில் 80 சதவீதம் ஈரம் என்றால் அதில் 8 டன் வெறும் தண்ணீர். கிணற்றில் இருக்கும் தண்ணீரை லாரி வாடகை கொடுத்தா கொண்டுவருவது?

ஆதலால் மில்காரர்கள் பில்லுடன் ஒரு சீட்டும் கொடுப்பது நல்லது. மக்கியதா, மக்காததா, எந்த நீரில் ஊறிய மட்டை, மின்கடத்தும் திறன் என்ன, ஈரம் எத்தனை சதவீதம் என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். மக்கிய குவியலுக்கும் மக்காத குவியலுக்கும் தனித்தனிப் பலகை வைப்பதற்குச் செலவு அதிகமில்லை. விவசாயிகளும் தங்கள் தேவையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தூள் மக்க 60 நாள் பிடிக்கும். ஆடிப்பட்டத்துக்கு வேண்டிய லோடைச் சித்திரையிலேயே நாலைந்து பேர் சேர்ந்து சொல்லிவிட்டால், மில்காரர் துணிந்து மக்க வைப்பார்.

மக்காத தூள்தான் கிடைக்கிறது என்றால், கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகம் பரிந்துரைக்கும் முறையில் தோட்டத்திலேயே மக்க வைக்கலாம். ஒரு டன் தூளுக்கு யூரியா 5 கிலோ, சிப்பிக் காளான் வித்து 5 புட்டி தேவை. நிழலில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் 100 கிலோ தூளைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டி வித்தைத் தூவவும். அடுத்த 100 கிலோ தூளின்மேல் ஒரு கிலோ யூரியாவைத் தூவவும். இப்படியே மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வரவேண்டும். 60 நாளில் தூள் கறுத்துவிடும். கரிமச்சத்து விகிதமும் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதன்பிறகு அடியுரமாக இடலாம்.