பிரேக் மிதித்தும் லைட் எரியவில்லையா? பல்பை விடுங்க, பெடலைப் பாருங்க!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் பொழுது சாய்ந்தால், சீமைக்கருவேலம் புதருக்குள்ளிருந்து எப்போது ஆட்டு மந்தை ஏறும் என்று சொல்ல முடியாது. சட்டென்று பிரேக் மிதித்தால் கார் நின்றுவிடும். ஆனால், சிவப்பு லைட் எரியாவிட்டால் பின்னால் வரும் பைக்காரருக்கு அது தெரியாது. லைட் எரியவில்லை என்பது காரை ஓட்டுபவருக்கும் தெரியாது. அதுதான் இந்தக் கோளாறில் பெரிய ஆபத்தே!

பலரும் முதலில் பல்பைத்தான் சந்தேகப்படுவார்கள். இடது, வலது, நடு என மூன்று லைட்டும் ஒரே நாளில் போவது அபூர்வம். ஃபியூஸும் நன்றாக இருந்தால், பிரேக் பெடல் சுவிட்சைப் பாருங்கள். பெடல் கம்பியின் மேல்பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சின்ன பாகம் இது. கால் வைக்காதபோது பெடல் இதன் முனையை அழுத்திக்கொண்டிருக்கும். மிதித்ததும் முனை விடுபட்டு, லைட்டுக்கு கரன்ட் போகும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. அந்த முனை வந்து முட்டும் இடத்தில் பல கார்களில் ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டன் இருக்கும். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து அது பொடிந்து விழுந்தால், காலை எடுத்தாலும் லைட் அணையாது. பல மாடல்களில் சாவியை எடுத்த பிறகும் எரியும். காலையில் பேட்டரி காலி. டவுனிலிருந்து மெக்கானிக் வரவேண்டிய கரிசல் கிராமத்தில் பாதி நாள் போய்விடும். பேட்டரியை மாற்றினாலும் மறுநாள் அதே கதைதான். டிரைவர் சீட் மேட்டில் பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறதா என்று பார்க்கக் காசா, பணமா?

புதிய கார்களில் புஷ் பட்டன் ஸ்டார்ட் வேலை செய்யாமல் போவதும், ஆட்டோமேட்டிக் கியர் ‘பார்க்’கிலிருந்து நகராததும்கூட இதனால் வரலாம். 2013 ஏப்ரலில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான்.

அணையாத லைட் என்றால் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். அணைந்துவிட்டால் கோளாறு சுவிட்சிலோ, அந்தப் பட்டனிலோதான். எரியாத லைட் என்றால் மெக்கானிக் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பார். சாதாரண இரண்டு வயர் சுவிட்சில், ஒரு வயரில் கரன்ட் இருந்து, மிதித்தும் அடுத்த வயருக்கு வராவிட்டால் சுவிட்ச் அவுட். சென்சார் வகை என்றால் ஸ்கேனர் வேண்டும்.

பார்த்துச் சொல்ல ஆள் இல்லையா? இருட்டியதும் ஹெட்லைட்டை அணைத்து, காரின் பின்பக்கத்தை வெள்ளைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் சுவர் சிவக்க வேண்டும். காலை எடுத்தால் இருள வேண்டும்.