உங்களுக்குத் தெரியுமா? ஆய்வகத்தில் கறுத்த குட்டி மூளை

கோவில்பட்டிப் பக்கம் காலமெல்லாம் தீக்குச்சி அடுக்கிய ஆச்சிக்கு, சும்மா இருக்கும்போதே ஒரு கை மட்டும் நடுங்கினால் 'வயசாகிப்போச்சு' என்று விட்டுவிடுகிறோம். விடக் கூடாது, அது பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம். நடுமூளையில், உடல் அசைவைச் சீராக்கும் டோபமைனைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது. அந்த இடம் நம் கரிசல் மண்ணைப் போலக் கருத்திருக்கும். காரணம், நியூரோமெலனின் என்ற நிறமி. எலியின் மூளையில் இது இயல்பாக உண்டாவதில்லை. எலியை மட்டும் வைத்து இந்த நோயைப் படிக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

2016இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மனித ஸ்டெம் செல்களிலிருந்து நடுமூளைத் திசுவை வளர்த்தார்கள். சில மில்லிமீட்டர் உருண்டைதான். ஆனால், மாதங்கள் செல்லச் செல்ல அதில் கரும்புள்ளிகள் தாமாகவே தோன்றின! டோபமைனும் சுரந்தது. நோயாளியின் தோல் செல்லையோ ரத்த செல்லையோ ஸ்டெம் செல்லாக மாற்றியும் இப்படி வளர்க்கலாம். அவருடைய மூளையைத் தொடாமலே, செல்கள் எப்படிச் சாகின்றன என்று பார்க்கலாம், மருந்தையும் சோதிக்கலாம்.

சென்னையும் சளைத்ததல்ல. மூளைத் திசு வளர வளர நுண்ணோக்கியில் பார்க்க உதவும் கருவியை, 2021இல் ஐஐடி மெட்ராஸும் அமெரிக்காவின் எம்ஐடியும் சேர்ந்து முப்பரிமாண அச்சில் உருவாக்கின. ஒன்றின் செலவு அப்போது சுமார் 5 டாலர்தான்.