எதுல வர்றீங்க?

வானொலியில் நேயர்களின் சிக்கல்களுக்கு வழி சொல்வது என் வேலை. அப்படிப்பட்ட எனக்கே, சொந்தத் தாய்மாமா மருத்துவமனையில் கிடந்தபோது யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

மாமா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்த பிறகு பாதுகாவலர் வேலைக்குப் போனார். பல வருட இனிப்புநீர், 56 வயதில் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அதற்கு ஈப்போ வரை வர வேண்டும்.

மூன்று மாதத்தில் இரண்டு முறை மூச்சுத் திணறி அவசரப் பிரிவில் சேர்த்தோம். "தண்ணியைக் குறைங்கன்னா கேக்கறீங்களா?" என்று எல்லாரும் திட்டினோம். மாமா பேசாமல் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது முறை, டாக்டர் எங்களை மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த மலாய்க்கார அதிகாரி, கோப்பைத் திறக்கும் முன்பே கேட்டார்: "அங்கிள், டத்தாங் நாயிக் அப்பா?" எதில் வருகிறீர்கள் என்ற சாதாரணக் கேள்விதான்.

மாமா தரையைப் பார்த்தார். தோட்டத்துப் பக்கம் பஸ் நின்று பல வருடமாகிவிட்டது. தெரிந்த பையனின் காருக்குப் போக வர 60 வெள்ளி. காசில்லாத வாரங்களில் ஒரு டயாலிசிஸை விட்டுவிடுவாராம். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றார் என்னிடம். திட்டிய வாய் அடைத்துப் போனது.

அந்தக் காலத் தோட்டங்களில் டிரெசர் இருப்பார். எந்த லயத்தில் யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் அரிசி இல்லை என்று அவருக்குத் தெரியும். தோட்டம் கலைந்து ஆளுக்கொரு தாமானில் குடியேறிய பிறகு, நோயையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. அந்த வேலையைத்தான் இவர்கள் செய்கிறார்கள்.

தனியார் மருத்துவமனைகளில் 'கேஸ் மேனேஜர்' என்பார்கள். பெரும்பாலும் அனுபவமுள்ள தாதியர். காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் முதல், வீடு திரும்பியபின் தொடரும் சிகிச்சை வரை ஒருங்கிணைப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் இதில் பெரும்பகுதியை மருத்துவச் சமூகப் பணி அதிகாரிகள் கவனிக்கிறார்கள். நம் நாட்டில் இந்தச் சேவை 1952-இல் தொடங்கியது. ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையிலும் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு.

அந்த அதிகாரி அடுத்துக் கேட்டது மாமாவின் பழைய சம்பளச் சீட்டை. பாதுகாவலர் வேலையில் சொக்சோ சந்தா பிடித்தது மாமாவுக்கே நினைவில்லை. தகுதியுள்ள சந்தாதாரர்களின் டயாலிசிஸ் செலவை சொக்சோ ஏற்கிறது என்பது எனக்கும் அன்றுதான் தெரியும். பாரங்களை நிரப்ப உதவினார்; வீட்டுக்கு அருகில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் இடமும் விசாரித்தார். சில வாரங்கள் அலைந்தோம். கடைசியில் எல்லாம் கைகூடியது.

எல்லாமே தீர்ந்துவிடவில்லை. ஏற்றி இறக்க இன்னும் ஆள் வேண்டும். பிள்ளைகளும் மருமக்களுமாக முறை வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை என் முறை.

உங்கள் வீட்டிலும் யாராவது சிகிச்சையில் இருந்தால், சில விஷயங்களை மனதில் வையுங்கள். பில் வரும்வரை காத்திருக்காதீர்கள். சேர்த்த அன்றே டாக்டரிடமோ தாதியிடமோ சமூகப் பணிப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி, சொக்சோ விவரங்களைக் கையில் வைத்திருங்கள். மருத்துவமனை வழங்காத கருவிக்கோ மருந்துக்கோ பணம் தேவையென்றால், 2005-இல் தொடங்கிய மருத்துவ உதவி நிதி பற்றிக் கேளுங்கள். முக்கியமாக, வீட்டு நிலைமையை மறைக்காதீர்கள். மானம் பார்த்து மாமா மறைத்தது அவர் உயிரையே கேட்டிருக்கும்.

போன வாரம் ஒரு நேயர் அழைத்தார். அம்மா சிகிச்சைக்கு ஒழுங்காகப் போவதில்லையாம். அறிவுரை சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டு கேட்டேன்:

"அம்மா எதுல போறாங்க?"