திரை வரைபவருக்கு இனி வேலை இருக்குமா?

அவசரமாக அண்ணனூர் ரயில் நிலையத்துக்கு வருகிறார் ஒருவர். நடைமேடை ஏறிய பிறகு செல்பேசியில் டிக்கெட் எடுக்கப் பார்க்கிறார். தண்டவாளத்துக்கு மிக அருகில் இருப்பதால் செயலி மறுத்துவிடுகிறது.

பரிசோதகரைக் கண்ட பிறகு டிக்கெட் எடுப்பதைத் தடுக்க, ஜிபிஎஸ் மூலம் ரயில்வே போட்ட எல்லை அது. நிலையத்துக்குள் வந்துவிட்டவர்களுக்காகச் சுவரில் கியூஆர் கோடு ஒட்டியிருப்பார்கள். விதி நியாயமானதே. ஆனால் ரயில் நெருங்கும் அந்த அரை நிமிடத்தில், ‘கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று அந்த மறுப்புச் செய்தியே வழிகாட்ட வேண்டும். எந்த இடத்தில் பயணி திணறுவார் என்று முன்கூட்டியே கண்டறிந்து அந்த வரியை எழுதுவதுதான் யுஎக்ஸ் (பயனர் அனுபவ) டிசைனரின் வேலை. பட்டன், நிறம், எழுத்தளவு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

அந்தப் பின்பாதி வேலை இப்போது கை மாறுகிறது. 2025 மே மாதம் கூகுளின் ஸ்டிச், ஃபிக்மா நிறுவனத்தின் ஃபிக்மா மேக் இரண்டும் அறிமுகமாயின. தேவையைச் சொற்களில் சொன்னால் போதும், திரையைச் செயற்கை நுண்ணறிவே வரைந்து தரும். திரை வரைவதை மட்டுமே கற்றுக்கொண்டு வேலை தேடுபவர்களுக்கு இது கடினமான காலம்தான்.

ஏட்டில் உள்ள விதிகள் இக்கருவிகளுக்குத் தெரியும். ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது என்று 1954-லேயே பால் ஃபிட்ஸ் நிறுவினார். விரலால் தொடும் பட்டன் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. ஆனால் காலை நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண் கூசும் வெயிலில் திரையைப் பார்ப்பவரின் பாட்டை நேரில் கண்டவரால்தான் சொல்ல முடியும். தமிழுக்கு வரி இடைவெளியைக் குறைத்தால் ‘கீ’யின் தலையும் ‘கூ’வின் அடியும் வெட்டுப்படும். தமிழில் படிப்பவரை உட்காரவைத்துச் சோதித்தால் அது உடனே தெரிந்துவிடும்.

இப்படிப் பயனரைக் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வாடிக்கையாளரின் அடையாளத்தை உறுதிசெய்யும் இணையவழி கேஒய்சி சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர் எப்படிச் சிமிட்டுவார்? 2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அணுகல்தன்மையைச் சோதித்துச் சரிசெய்யத் தெரிந்தவர்களுக்கு இனி வேலை கூடியே ஆகவேண்டும்.

பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் தரும் ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது. சேவைகள் இப்படி ஒன்றுசேரும்போது, பயணி குழம்பும் இடங்களும் பெருகும். அவற்றைத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டும்.

இத்துறைக்கு வர விரும்பும் ஆவடி, அம்பத்தூர் மாணவர்கள் மென்பொருளோடு உளவியலும் தமிழும் படிக்கட்டும். விருப்பமுள்ள ஐந்து பயணிகளிடம் அனுமதி கேட்டு, அவர்கள் டிக்கெட் எடுப்பதைக் கவனித்து, எங்கே தடுமாறினார்கள், எப்படிச் சரிசெய்யலாம் என்று எழுதட்டும். அழகாக வரைந்த ஐம்பது திரைகளைவிட அந்தக் குறிப்புக்கே வேலை வாங்கித்தரும் வலிமை அதிகம்.