அன்று கத்தி, இன்று கதீட்டர்

குளோரோஃபார்ம் மயக்க மருந்தின் பாதுகாப்பை ஆராய, நிஜாம் பணம் கொடுக்க, மருத்துவர் எட்வர்ட் லாரி முன்னின்று நடத்திய ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன்கள் 1888, 1889 ஆண்டுகளில் உலக மருத்துவர்களின் பேச்சாக இருந்தன. மயக்க மருந்தால் கத்தியின் வலி போயிற்று. வயிற்றுக்குள் பார்க்கும் கண் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. கர்ப்பிணி ஒருத்திக்கு விலாப்பக்கம் திடீரென வலித்து, முகம் வெளுத்து, நாடி தளர்ந்தால், நஞ்சுக்கொடி விலகியதா, கருப்பை கிழிந்ததா என்று ஊகிக்கத்தான் முடியும். சிறுநீரகக் கட்டி வெடித்திருக்கும் என்று யார் நினைப்பார்? நினைத்தாலும் வழி ஒன்றுதான்: வயிற்றைத் திறந்து சிறுநீரகத்தையே எடுப்பது. ரத்த வங்கி இல்லாத நாளில் அதற்குத் துணிவது எளிதல்ல.

அந்தக் கட்டியின் பெயர் ஆஞ்சியோமயோலிபோமா. கொழுப்பும் தசையும் ரத்தக் குழாயும் கலந்த சாதுவான கட்டி, புற்றுநோய் அல்ல. ஆனால் அதன் குழாய்ச் சுவர்களில் நெகிழ்வு குறைவு. பலூன் போல உப்பும். கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறத்தாழப் பாதி கூடுகிறது, ஹார்மோன்களும் கட்டியை வளர்க்கலாம். 4 செ.மீ.க்கு மேலான கட்டி, 5 மி.மீ.க்கு மேல் உப்பிய குழாய் இரண்டும் ஆபத்தின் அடையாளம்.

இன்று அல்ட்ராசவுண்டில் கொழுப்பு வெள்ளையாகப் பளிச்சிடும், சந்தேகமிருந்தால் எம்.ஆர்.ஐ. கசிவு சிறிதாக, தாய் நிலையாக இருந்தால் படுக்கை ஓய்வு, ரத்தம், கண்காணிப்பு. நிற்கவில்லையென்றால் தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, ரத்தம் கசியும் கிளையை மட்டும் அடைக்கிறார்கள். எக்ஸ்ரே கதிரைக் குறுக்கி, நேரத்தைச் சுருக்கிச் செய்தால் குழந்தைக்குப் படுவது குறைவே. சில நாள் காய்ச்சலும் வலியும் வரும், சிறுநீரகம் பெரும்பாலும் மிஞ்சும். கட்டியைச் சுருக்கும் எவரோலிமஸ் மாத்திரை கர்ப்பத்தில் கூடாது. பிரசவ நாள் நெருங்கிவிட்டால் முதலில் சிசேரியன். எதுவும் கைகொடுக்காத நிலையில் இன்றும் சிறுநீரகத்தை எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

என் கணிப்பில், இன்றைய சிக்கல் தூரம். பேட்லாபுர்ஜ், சுல்தான் பஜார் பிரசவ மருத்துவமனைகள் ஒரு பக்கம், கதீட்டர் சிகிச்சைக்குப் பஞ்சாகுட்டாவில் நிம்ஸ் மருத்துவமனை இன்னொரு பக்கம்; நடுவே ஹைதராபாத் போக்குவரத்து. ரத்தம் இழக்கும் தாய்க்கு இந்த இடைவெளி பெரிது.

ஆகவே வலிப்பு நோயோடு முகத்தில் பரு போன்ற சிறு புடைப்புகள் உள்ள பெண்கள், இந்தக் கட்டிகளை உண்டாக்கும் மரபணு நோயான டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறதா என்று கேட்டு, கருத்தரிக்கும் முன்பே சிறுநீரக ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். பெரிய கட்டி தெரிந்தால் அப்போதே அடைத்துக்கொள்ளலாம்.