முதலில் நிலம், பிறகு அலுமாரி

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீடு பெரும்பாலும் மகளுக்குரிய சீதனம். கலியாணம் பேசத் தொடங்கியதும் வீட்டின் குறைவேலைகளெல்லாம் பெற்றோரின் கண்ணில் படத் தொடங்கும். அவற்றுள் பல வீடுகளில் கடைசியாகக் கைவைக்கப்படுவது குசினி. அதற்குள் கைப்பணம் கரைந்திருக்கும், நாளும் நெருங்கியிருக்கும். அவசரத்தில் வேலை முறைமாறி நடந்துவிடும்.

மருதமுனையில் நான் சந்தித்த ஒரு தாய், வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து சேமித்த பணத்தில் மகளின் குசினியைத் திருத்தினார். ஓடாவியார் முந்தி வந்து பழைய சீமெந்து நிலத்தில் அலுமாரிகளைப் பொருத்தினார். மேசன் பிந்தி வந்து அவற்றின் விளிம்புவரை டைல்ஸ் பதித்தார். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் டைல்ஸும் சாந்துமாக நிலம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உயர்ந்துவிட்டது. அலுமாரிகள் பள்ளத்தில் நின்றன. நிலம் கழுவிய தண்ணீர் அங்கே தேங்கி, சிப்போட் பலகை ஊதி உதிர்ந்தது. அலுமாரிகளைக் கழற்றியபோது அடியில் டைல்ஸ் இல்லை. அதே நிற டைல்ஸ் கடையிலும் இல்லை. “பாதர், ஒரு குசினிக்கு ரெண்டு தரம் காசு குடுத்திட்டன்” என்றார்.

இதில் குற்றம் எவருடைய கைவேலையிலும் இல்லை, வேலையின் ஒழுங்கிலேதான்.

சரியான ஒழுங்கு இதுதான்:

1. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பிக் குழாய் ஆகியவற்றை முதலில் புதைத்துவிட வேண்டும். டைல்ஸ் பதித்தபின் உடைக்கக் கூடாது.

2. அடிநிலத்தை மட்டப்படுத்துங்கள். புதுச் சீமெந்தை ஏழு நாளாவது நனைத்து வைக்க வேண்டும். அது முழுப் பலம் பெற ஏறத்தாழ 28 நாள் ஆகும்.

3. சுவரிலிருந்து சுவர்வரை, அலுமாரி நிற்கும் இடம் உட்பட, டைல்ஸ் பதியுங்கள். உடைசலுக்கும் பிற்காலத் திருத்தத்துக்குமாகப் பத்தில் ஒரு பங்கு கூட வாங்கி, ஒரு பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள்.

4. சாந்து நன்றாக இறுகியபின் நிலத்தைக் கனத்த மட்டையால் மூடி, அலுமாரிகளைப் பொருத்துங்கள்.

5. மேற்பலகைக் கல்லுக்கு அளவெடுப்பது அலுமாரி நின்றபின்தான். சுவர் டைல்ஸ் அதற்குப் பிறகு.

இந்த ஒழுங்கினால் இன்னொரு நன்மையும் உண்டு. சமையல் மேடையின் உயரத்தை முடிந்த நிலத்திலிருந்து அளக்கலாம். பழைய நிலத்திலிருந்து 34 அங்குலம் வைத்துவிட்டுப் பின்னர் நிலத்தை உயர்த்தினால், மேடை முப்பத்திரண்டரை அங்குலமாகிவிடும். அதற்குரிய தண்டனையைச் சமைப்பவரின் முதுகுதான் அனுபவிக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒன்றோடொன்று கொளுவி, ஒட்டாமல் விரிக்கும் பலகை நிலங்கள் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும். பாரமான அலுமாரியை அவற்றின்மேல் பொருத்தினால் அசைய இடமின்றிப் புடைத்துவிடும். அங்கே அலுமாரி முந்தி, நிலம் பிந்தி. செங்கல்லால் மேடை கட்டுவோரும் மேடையை முந்திக் கட்டி, உட்புறத்துக்கும் சேர்த்தே டைல்ஸ் பதிக்க வேண்டும்.

நமது கரையோரம் தாழ்வானது. 2011 சனவரி வெள்ளத்தை மறந்திருக்க மாட்டோம். ஆகவே அலுமாரிகளை ஐந்தாறு அங்குலக் கால்களில் நிறுத்துங்கள். அடிப்பகுதியில் சிப்போட் வேண்டாம். மாரி தொடங்குமுன் வேலையை முடித்துவிடுங்கள்.

செலவில்லாத ஓர் ஆலோசனையோடு முடிக்கிறேன். வேலை தொடங்குமுன் மேசனையும் ஓடாவியாரையும் ஒரே நாளில் குசினிக்கு அழையுங்கள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதை ஒரு தாளில் எழுதி, அந்த ஒழுங்கிலேயே பணத்தையும் பகுதி பகுதியாகக் கொடுங்கள். அந்தப் பேச்சில் சமைக்கப்போகும் மகளும் இருக்கட்டும். வீடும் அவளுடையது, முதுகும் அவளுடையது.